ஆயத்த வீடுகளும் நமது கிராமங்களும்

மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் வாழ உறுதியான ஒரு வீடு வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் நெடுநாளைய விருப்பம். அவ்விருப்பம் நிறைவேற அரசு பல திட்டங்களின் வாயிலாக உதவி வந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், வீடொன்றின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்று விதிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில், 360 சதுர அடிப் பரப்புள்ள வீட்டிற்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று உதவித்தொகை வகுக்கப்பட்டது.

இத்தகைய உதவியைப் பெற்றும், சுவர் எழும்பிய பின் கூரையின்றி நிற்கும் வீடுகளை நாம் பல ஊராட்சிகளில் காண்கிறோம். ஆணை கிடைத்த அனைவரும் ஒரே காலத்தில் வேலையைத் தொடங்குவதால் சென்ட்ரிங் பலகைகளும் முட்டுகளும் கிடைப்பதில்லை. கொத்தனார் வேறோர் ஊருக்குச் சென்றுவிடுகிறார். அதற்குள் மழைக்காலம் வந்துவிடுகிறது. பழைய குடிசையையோ முன்பே பிரித்தாயிற்று. ஆகவே, குடும்பம் தார்ப்பாயின் கீழோ, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ தங்க நேரிடுகிறது. தளம் ஒரு பருவம் தள்ளிப்போனால், கையிலிருந்த பணமும் வேறு செலவுகளில் கரைந்துவிடுகிறது.

இக்காரணத்தினால், "வீட்டைத் தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்திவிடலாமே" என்று ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் பலர் வினவுகின்றனர். 'மாடுலர் வீடு', 'ரெடிமேட் வீடு' என்னும் விளம்பரங்களும் இக்கேள்வியை எழுப்பியுள்ளன. இது நியாயமான கேள்வி. அவ்வகை வீடுகளின் நன்மைகள் யாவை, அவற்றுள் நமது கிராமங்களுக்குக் கைகூடுவன எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயத்த வீடு என்பது யாது?

மனையிலேயே செங்கல்லை அடுக்கி, அங்கேயே கான்கிரீட்டை வார்த்துக் கட்டுவது நாம் அறிந்த முறை. வீட்டின் உறுப்புகளை வேறோரிடத்தில் முன்னதாகவே செய்து, மனைக்குக் கொண்டுவந்து இணைப்பது ஆயத்த முறை. இதில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் தூண், உத்திரம், தளப்பலகை, நிலை, லிண்டல் போன்ற உறுப்புகள் மட்டுமே முன்கூட்டிச் செய்யப்படுகின்றன. இரண்டாம் படியில் முழுச் சுவரும் முழுத் தளமும் பெரிய பலகங்களாக வருகின்றன. மூன்றாம் படியில், தரை, சுவர், கூரை, மின்கம்பி, குளியலறைக் குழாய் யாவும் பொருத்தப்பெற்ற அறையே ஒரு பெட்டியைப் போல வந்து இறங்குகிறது. 'மாடுலர்' என்னும் சொல் முறையாக இந்த மூன்றாம் படியையே குறிக்கும்.

இம்முறையின் அடிப்படை நமக்குப் புதியதன்று. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட உறைகிணறுகளை நோக்குக. சுட்ட மண் உறைகளைச் சூளையில் முன்பே செய்து, குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியே அக்கிணறுகளை அமைத்தனர். இன்று கிணற்றிற்கும் கழிப்பறைக் குழிக்கும் நாம் வாங்கி இறக்கும் சிமெண்ட் உறை அதே முறையின் தொடர்ச்சியாகும். உறையை மனையில் வார்ப்பதற்கு எவரும் கொத்தனாரைத் தேடுவதில்லை. செய்து வைத்ததை வாங்கி வருகிறோம். அம்முறையை வீட்டின் எந்தெந்த உறுப்புவரை கொண்டுசெல்லலாம் என்பதே நாம் ஆராய வேண்டியது.

பிறர் பெற்ற அனுபவம்

அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் என்னும் வணிக நிறுவனம் 1908 முதல் 1940 வரை வீடுகளின் உறுப்புகளை அளவாக அறுத்து, எண் குறித்து, ரயில் மூலம் அனுப்பி வந்தது. அவ்வகையில் 70,000-க்கு மேற்பட்ட வீடுகள் விற்பனையாயின. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சினால் வீடிழந்தோருக்காக, பிரிட்டன் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 1,56,000 ஆயத்த வீடுகளை அமைத்தது. பத்து ஆண்டுகளுக்கென்று எண்ணிக் கட்டிய அவ்வீடுகளுள் பலவற்றில் மக்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்தனர். சுவீடன் நாட்டில் தனி வீடுகளுள் பெரும்பாலானவை தொழிற்சாலையில் உருவாகின்றன. அங்கு மரம் மிகுதி; கூலி அதிகம்; கடுங்குளிர் நீங்கி வெளியில் வேலை செய்யக்கூடிய காலமோ குறைவு. இம்மூன்று காரணங்களும் சேர்ந்து அந்நாட்டை அவ்வழியில் செலுத்தின.

நமது நாடும் இம்முயற்சியில் பின்தங்கியதில்லை. பிரிவினையினால் இடம்பெயர்ந்து வந்தோருக்கு விரைவில் வீடு அளிக்கும் பொருட்டு, 1948-ஆம் ஆண்டில் தில்லியில் அரசே ஒரு வீட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. முழு வீட்டையும் நுரைக் கான்கிரீட் பலகங்களால் அமைப்பது என்பது முதல் திட்டம். அப்பலகங்கள் எதிர்பார்த்த உறுதியைத் தராமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் தொழிற்சாலை மூடப்படவில்லை. ஹிந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலை என்னும் பெயருடன் கான்கிரீட் உறுப்புகளைச் செய்யும் நிலையமாக அது நிலைபெற்றது. 1978-இல் ஹிந்துஸ்தான் பிரீஃபாப் என்று பெயர் மாறியது. முழு வீடு என்னும் திட்டம் தோற்ற அதே இடத்தில், உறுப்புகள் என்னும் திட்டம் வென்றது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு சென்னைக்கு அருகிலுள்ள பெரும்பாக்கம். அங்கு முன்வார்ப்பு உறுப்புகளை இணைத்து, தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்ட தொகுதிகளாக 1,152 வீடுகள் கட்டப்பட்டன. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அவ்வீடுகள் 2022 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டன. ஒரே அளவுள்ள வீடுகள் ஓரிடத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்தமையால், ஒரே அச்சினை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

விளையும் நன்மைகள்

முதலாவது நன்மை, காலச் சிக்கனம். மனையில் கட்டும் முறையில் ஒரு வேலை முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க முடியும். அடித்தளத்தின் மேல்தான் சுவர். சுவரின் மேல்தான் தளம். ஆயத்த முறையில், இங்கு அடித்தளம் தோண்டும்போதே அங்கு தளப்பலகை வார்க்கப்படுகிறது. இரு வேலைகளும் இணையாக நடைபெறுவதால் மொத்தக் காலம் குறைகிறது.

இரண்டாவது, தரம். நிழலில், சமமான மேடையில், அளவான அச்சில், இடுப்பளவு உயரத்தில் செய்யும் வேலை செம்மையாக அமைகிறது. ஏணிமேல் நின்று அவசரமாக வார்க்கும்போது அத்தகைய கவனம் கிட்டுவதில்லை. மேலும், செய்து முடித்த பலகையைத் தளத்தில் ஏற்றுமுன் சோதிக்கலாம், வெடிப்புள்ளதை ஒதுக்கிவிடலாம். மனையில் வார்த்த தளத்திலோ, குறை கண்டபின் இடித்தெடுப்பதன்றி வேறு வழியில்லை.

மூன்றாவது, பொருட்சிக்கனம். மனையில் கொட்டிய மணலில் ஒரு பகுதி மழையில் கரைகிறது. சிமெண்ட் மூட்டை ஈரத்தில் இறுகுகிறது. வெட்டிய கம்பித் துண்டுகள் வீணாகின்றன. ஓரிடத்தில் அளந்து செய்யும்போது இவ்விழப்புகள் குறைகின்றன. சென்ட்ரிங் செலவும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

நான்காவது, நீர்ச்சிக்கனம். ஒவ்வொரு மனைக்கும் தண்ணீரைச் சுமந்து தளத்தை நனைப்பதைவிட, ஒரே தொட்டியில் பலகைகளை ஊறவைப்பது எளிது. வறட்சிப் பகுதிகளுக்கு இது சிறியதொரு நன்மையன்று.

கிராமத்தில் எதிர்ப்படும் தடைகள்

இந்நன்மைகளைக் கண்டு, முழு அறைப் பெட்டியையே நம் ஊருக்கு வரவழைக்கலாம் என்று முடிவு செய்வது பொருந்தாது. நமது நிலைமையையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண், பாதை. அறைப் பெட்டியை ஏற்றிவரும் நீண்ட லாரியும், அதனை இறக்கும் கிரேனும் செல்வதற்கு அகன்ற, உறுதியான சாலை வேண்டும். நம் குடியிருப்புகளிலோ டிராக்டர் திரும்புவதற்கே இடமிராது. தெருவின் குறுக்கே மின்கம்பிகளும் தாழ்ந்து செல்லும்.

இரண்டாவதாக, எண்ணிக்கை. ஓர் ஊரில் ஐந்து வீடுகளும் அடுத்த ஊரில் எட்டு வீடுகளுமாகச் சிதறிக் கிடக்கும்போது, அச்சுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு ஒவ்வொரு வீட்டின் மீதும் பெருஞ்சுமையாக ஏறும்.

மூன்றாவதாக, வெப்பமும் காற்றும். மெல்லிய தகடும் மெல்லிய கான்கிரீட்டும் சித்திரை வெயிலை விரைவில் உள்ளே விட்டுவிடுகின்றன. 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் தார்த்தகடுகளால் அமைத்த தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கியோர் அவ்வெப்பத்தை நன்கறிவர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், காவிரிப் பாசனப் பகுதியில் எண்ணற்ற இலேசான கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. எனவே, எளிதில் தூக்கிவரக்கூடியது என்பதற்காகவே ஒரு கூரையைத் தேர்ந்தெடுத்தல் கூடாது.

நான்காவதாக, இணைப்பு. இதுவே மிகவும் முக்கியமானது. மனையில் ஒன்றாக வார்த்த தளம் ஒரே பாறைபோல் நிற்கும். ஆயத்த உறுப்புகளோ இணைப்பின் வலிமையைக் கொண்டே நிற்கும். 2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில், முன்வார்ப்பு உறுப்புகளால் கட்டிய தொடக்கப்பள்ளிகள் பலவற்றின் கூரைகள் சரிந்து விழுந்தன. கூரைப் பலகைகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் போதிய அளவில் பிணைக்காமையே அதற்கு முதன்மையான காரணமாயிற்று.

ஐந்தாவதாக, பழுதுபார்த்தல். கிராமத்து வீடு வளரும் இயல்புடையது. மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை சேரும். மாடு வாங்கினால் ஒரு தாழ்வாரம் சேரும். உள்ளூர்க் கொத்தனாரின் கைக்கு அடங்காத வீட்டில் ஒரு சுவரைத் திறப்பதற்கும் தொழிற்சாலையையே நாட வேண்டியிருக்கும்.

நமக்கு ஏற்ற வழி: பலகையும் உத்திரமும்

நன்மைகளைக் கைக்கொண்டு, தடைகளைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அடித்தளத்தையும் சுவரையும் நமது கொத்தனாரே வழக்கம்போல் செங்கல்லால் கட்டட்டும். தாமதத்திற்குக் காரணமான தளத்தை மட்டும் ஆயத்த உறுப்புகளால் அமைப்போம். 1947-இல் தொடங்கப்பெற்று ரூர்க்கியில் இயங்கிவரும் மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம், இதற்கெனப் பலகை–உத்திரத் தள முறையை வகுத்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இம்முறைக்கு 1994-இல் ஐ.எஸ். 13990, ஐ.எஸ். 13994 என்னும் விதிமுறைகளை வெளியிட்டது.

நம் முன்னோர் மச்சு வீட்டில் மர உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் தளச்செங்கல் பாவிச் சுண்ணாம்புக் காரையிட்டனர். அதே ஒழுங்கில், மர உத்திரத்திற்குப் பதிலாகக் கான்கிரீட் உத்திரமும், செங்கல்லுக்குப் பதிலாகக் கான்கிரீட் பலகையும் இம்முறையில் அமைகின்றன. பலகையின் அகலம் 30 செ.மீ., அதாவது ஏறத்தாழ ஓர் அடி. நீளம் 1.5 மீட்டருக்கு மேற்படலாகாது. கனம் 6 செ.மீ.; இடையிடையே 3 செ.மீ. ஆகக் குறைத்து வார்க்கப்படும். ஒரு பலகையின் எடை 50 கிலோவிற்குள் அடங்குமாதலால் கிரேன் தேவையில்லை, இருவர் தூக்கலாம். உத்திரத்தின் அகலமும் முன்வார்ப்பு உயரமும் 15 செ.மீ. ஆகும். அதன் கம்பி வளையங்கள் மேற்புறம் நீட்டிக்கொண்டிருக்கும்.

உட்புறம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அகலத்தின் வாக்கில், 4 அடி இடைவெளியில் இரண்டு உத்திரங்கள் வைத்தால் அறை மூன்று கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்திற்கும் 10 பலகைகள் வீதம் 30 பலகைகள் போதும். உத்திரம் ஒன்று ஏறத்தாழ 190 கிலோ எடையிருக்கும். ஆறு அல்லது எட்டு ஆட்களோ, ஒரு சங்கிலிக் கப்பியோ இருந்தால் அதனை ஏற்றிவிடலாம். பலகைகளை அடுக்கியபின், உத்திரத்தின் மேலும் பலகைகளின் பள்ளங்களிலும் கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். அது இறுகியதும் உத்திரமும் பலகையும் ஒரே உறுப்பாகிவிடும். குஜராத்தில் குறைவுபட்ட பிணைப்பை இங்கு இம்மேற்கான்கிரீட்டே அளிக்கிறது. ஆகையால், அதில் சிக்கனம் பார்ப்பது உயிருக்கு ஆபத்தாக முடியும்.

காலத்தின் கணக்கையும் பார்ப்போம். வழக்கமான தளத்தில், 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிப்படி, 4.5 மீட்டர் வரையுள்ள தளத்திற்கு முட்டுகளைக் குறைந்தது 7 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சென்ட்ரிங் கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம் இதற்கு மேல். பலகை முறையில், பலகைகளை இரண்டு வாரம் நீரில் பதப்படுத்தி, மேலும் இரண்டு வாரம் நிழலில் உலரவிட வேண்டும். இந்த 28 நாட்களும் அடித்தளமும் சுவரும் எழும் காலத்திலேயே கழிந்துவிடுகின்றன. சுவர் முடிந்ததும் பலகைகள் ஆயத்தமாக இருக்கும். தளப்பலகை அடைப்பு தேவையில்லை. மேற்கான்கிரீட் இறுகும்வரை உத்திரங்களின் நடுவே முட்டு கொடுத்தால் போதுமானது.

கவனிக்க வேண்டியவை

பலகையில் கம்பி அடிப்பாகத்தில் இருக்கிறது. தலைகீழாக வைத்தால் அது சுமை தாங்காமல் முறிந்துவிடும். ஆதலால், அச்சிலிருந்து எடுத்தவுடனே மேற்புறத்தில் வண்ணக்குறி இடுதல் அவசியம். அடுக்கி வைக்கும்போது இரு முனைகளின் அருகே மட்டும் கட்டை வைக்க வேண்டும். நடுவில் மட்டும் தாங்கினால் வெடிப்பு உண்டாகும். ஒவ்வொரு பலகையிலும் வார்த்த தேதியை எழுதி வைத்தால் 28 நாட்கள் நிறைந்தனவா என்று எவரும் சரிபார்க்கலாம். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பலகையைத் தேர்ந்து, முனைகளைத் தாங்கி, மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தல் வேண்டும். இச்சோதனை ஊரார் முன்னிலையில் நடைபெற்றால் நம்பிக்கையும் பெருகும்.

கம்பியின் அளவும் உத்திரத்தின் நீளமும் அறைக்கு அறை மாறும். எனவே, ஒன்றியப் பொறியாளரின் வரைபடமும் ஒப்புதலும் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது. அரசின் உதவித்தொகையில் கட்டும் வீடாயின், திட்ட விதிகளில் இத்தளத்திற்கு இடமுண்டா என்பதையும், எந்த நிலையில் எந்தத் தவணை வழங்கப்படும் என்பதையும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

ஊராட்சியின் பங்கு

ஒரே ஒரு வீட்டிற்காக அச்சு செய்தால் இம்முறையில் இலாபம் இராது. பெரும்பாக்கத்தில் பயனளித்தது ஒரே அளவின் திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கையே. அந்த எண்ணிக்கையைக் கிராமத்தில் உண்டாக்கும் ஆற்றல் ஊராட்சிக்கே உண்டு. அக்கம்பக்கத்து இரண்டு மூன்று ஊராட்சிகள் ஒன்றுகூடி, 20 வீடுகளுக்கு அறை அளவுகளை ஒரே விதமாக வகுத்துக்கொண்டால் ஒரே அச்சு அனைவருக்கும் உதவும். 300 சதுர அடித் தளத்திற்கு ஏறத்தாழ 75 பலகைகள் வேண்டும். பத்து அச்சுகளைக் கொண்டு நாளொன்றுக்குப் பத்துப் பலகை வார்த்தால், எட்டு நாட்களில் ஒரு வீட்டின் தேவை நிறைவேறும். இதற்கு வேண்டுவன சமமான மேடை, நிழல், தண்ணீர்த் தொட்டி, தேர்ந்த ஒரு கொத்தனார், அவரிடம் பழகிய சில கைகள் ஆகியவையே.

ஆயத்த வீடு வந்தால் உள்ளூர்க் கூலி போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. முழு வீடும் வெளியூர்த் தொழிற்சாலையில் உருவானால் அவ்வச்சம் நியாயமானதே. வார்ப்புக்களம் நம் ஊரிலேயே அமைந்தால் கூலியும் நம் ஊரிலேயே தங்கும். கேரள மாநிலம் கொல்லத்தில் 1980-களில் தோன்றிய நிர்மிதி கேந்திரம், உறுப்புகளைச் செய்வதோடு, பெண்களுக்கும் கட்டிடத் தொழிலைக் கற்பித்தது. அதன் வெற்றியைக் கண்டே, நாடெங்கும் கட்டிட மையங்களை அமைக்கும் திட்டம் 1988-இல் தொடங்கப்பட்டது. சித்தாள் வேலையன்றி வேறு அறியாத நம் மகளிர், சுய உதவிக் குழுவாக நின்று பலகை வார்க்கக் கற்றால், மழைக்காலத்திலும் நிழலில் அவர்களுக்கு வேலை கிடைக்கும். நிலை, ஜன்னல் சட்டம், லிண்டல், கழிப்பறை உறை ஆகியவற்றையும் அதே களத்தில் செய்யலாம்.

எனவே, ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டு வீடு கட்டவிருப்போர் எத்தனை பேர், அவர்களுள் ஒரே அளவுக்கு இசைவோர் எத்தனை பேர், களத்திற்கு ஏற்ற இடம் எது என்னும் மூன்று விவரங்களைக் குறித்து, ஒன்றியப் பொறியாளரிடம் அளித்தால் மேற்கொண்டு செய்ய வேண்டியவற்றை அவர் ஆராய்ந்து கூறுவார். விளம்பரத்தைக் கண்டு முழு வீட்டிற்கு முன்பணம் செலுத்த நினைப்போர், முதலில் தம் தெருவின் அகலத்தை அளந்து பார்க்கட்டும். அந்த வீட்டின் கூரை புயற்காற்றில் எதனால் பிணைக்கப்பட்டு நிற்கும் என்றும், பழுது நேர்ந்தால் யார் வந்து சரிசெய்வார் என்றும் விற்பவரிடம் கேட்கட்டும்.

குடிசையைப் பிரித்த குடும்பம் ஐப்பசி மழைக்கு முன் தன் சொந்தத் தளத்தின் கீழ் அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குச் சுவரை நம் கொத்தனார் எழுப்பட்டும். தளம் நம் ஊர்க் களத்திலிருந்து வரட்டும். ஒரே அளவுக்கு உடன்பட்டு ஒன்றுகூடும் ஊர்களுக்கு இது எட்டாத காரியமன்று.